நாணயம் வாங்க நாணயம் வேண்டும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மை. ஒருவரை 'நாணயமான மனிதர்' என்று சொல்லும்போது நாம் அவருடைய பணத்தைக் குறிப்பதில்லை. பழைய காசுகளை வாங்கி விற்கும் துறையில் இந்த இரண்டாம் பொருள் இல்லையெனில் முதற்பொருளுக்கு மதிப்பே இராது.

காசின் தரத்தை ஆய்ந்து சொல்வதைத் தொழிலாகக் கொண்டோர் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளனர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு சேர்ந்து வரும் 'வண்ணக்கன்' என்னும் சொல்லுக்கு நாணயப் பரிசோதகர் என்றே அறிஞர் பொருள் கூறுவர். பிற்காலத்தில் இத்தொழில் செய்தோரை நோட்டக்காரர் என்றும் சராப்பு என்றும் அழைத்தனர். கல்லில் தட்டி ஓசை கேட்பது, உரைகல்லில் உரசிப் பார்ப்பது, தராசில் நிறுப்பது, விளிம்பை விரல் நுனியால் தடவுவது ஆகியன அவர்களுடைய வழிமுறைகள். இவை ஒவ்வொன்றுக்கும் காசு கையில் இருந்தாக வேண்டும்.

இன்றைய நிலை வேறு. மும்பையிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ உள்ள வணிகர் ஒரு நாணயத்தைப் படம் எடுக்கிறார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் சேகரிப்பாளர் அப்படத்தைத் தம் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கிறார், விலை பேசுகிறார், பணம் அனுப்புகிறார், பிறகு காத்திருக்கிறார். தட்டவும் தடவவும் நிறுக்கவும் வழியில்லாத இந்த இடைவெளியில் அவருக்குத் துணையாக நிற்பவை படம், அதை எடுத்தவரின் சொல் ஆகிய இரண்டே. இவ்விரண்டையும் எவ்வளவு தூரம் நம்பலாம், அந்த நம்பிக்கையை எவ்வாறு பாதுகாப்பாக அமைத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

படம் காட்டுவதும் மறைப்பதும்

நல்ல படம் பலவற்றைச் சொல்லும். நாணயத்தின் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எழுத்துகளின் வடிவம், தேய்மானத்தின் அளவு ஆகியவற்றைப் படத்திலேயே அறியலாம். எடுத்துக்காட்டாக, விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த 1862ஆம் ஆண்டு ரூபாயைக் கூறலாம். 1862 என்ற ஆண்டெண்ணையே தாங்கி அந்த ரூபாய் பின்னும் பல ஆண்டுகள் அச்சிடப்பட்டது. எனவே, அதிலுள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டே சேகரிப்பாளர்கள் அதன் வகைகளைப் பிரித்தறிகின்றனர். தெளிவான படம் ஒன்றிருந்தால் இப்புள்ளிகளை வீட்டிலிருந்தே எண்ணிவிடலாம்.

ஆயினும் படம் மறைப்பவையும் உண்டு. முதலாவது, மேற்பரப்பின் உண்மைத் தன்மை. பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒளியில் மெல்லிய கீறல்கள்கூடப் பளிச்சென்று தெரியும். எல்லாப் பக்கமும் பரவிய மென்மையான ஒளியில் அவை மறைந்துவிடும். நம் வீடுகளில் பழைய வெள்ளி நாணயத்தைப் புளியோ பற்பசையோ இட்டுத் தேய்த்து 'பளபள'வென்று ஆக்குவது வழக்கம். அவ்வாறு தேய்த்த நாணயம் படத்தில் அழகாகவே தோன்றும். ஆனால் சேகரிப்பாளர் மதிப்பது, காலம் அதன்மீது படியவிட்ட இயல்பான நிறத்தையும் அச்சிலிருந்து வந்த முதல் மிளிர்வையும்தான். தேய்த்ததால் உண்டான நுண்கீறல்கள் அம்மதிப்பைப் பெரிதும் குறைத்துவிடும். ஒரே நாணயத்தை இரு வேறு ஒளியில் எடுத்த படங்களைக் கேட்பதும், அதை மெல்லச் சாய்த்துத் திருப்பிக் காட்டும் சிறு காணொளியைக் கேட்பதும் இதனால்தான்.

இரண்டாவது, விளிம்பு. முன்புறத்தையும் பின்புறத்தையும் மட்டும் காட்டும் படத்தில் மூன்றாம் பக்கமாகிய விளிம்பு இடம் பெறுவதேயில்லை. வார்ப்பு முறையில் செய்த போலி நாணயத்தில் இரு பாதி அச்சுகளும் சேர்ந்த தடம் விளிம்பில்தான் தெரியும். நேர்மையாகச் செய்த நகலின் அடையாளமும் சில வேளைகளில் அங்கேதான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக அரிய நாணயங்களின் மின்முலாம் நகல்களைச் செய்த ராபர்ட் ரெடி என்பவர், எவரும் ஏமாறாதிருக்கத் தம் பெயரின் முதலெழுத்துகளை அவற்றின் விளிம்பில் பொறித்தார். விளிம்பைப் பார்க்காமல் வாங்குவோருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது.

மூன்றாவது, எடையும் அளவும். உள்ளங்கையளவு திரையில் எல்லா நாணயங்களும் ஒரே அளவாகவே தோன்றும். ஆகவே, நாணயத்தை மின்னணுத் தராசில் வைத்து எடுத்த படத்தையும், விட்டத்தின் அளவை மில்லிமீட்டரில் எழுத்து மூலமாகவும் கேட்டுப் பெறுவது முறை. பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய்க்கு 1835 முதல் வகுக்கப்பட்ட எடை 11.66 கிராம். நெடுநாள் புழங்கித் தேய்ந்த நாணயம் சற்றுக் குறைந்திருப்பது இயல்பு. புத்தம் புதியதாகத் தோன்றும் நாணயம் குறைந்திருப்பது ஐயத்துக்குரியது.

நான்காவது, படம் யாருடையது என்பது. பிறர் வெளியிட்ட படத்தை எடுத்துத் தம்முடையதாகக் காட்டுவோர் உளர். 'மாதிரிப் படம்' என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்துவிட்டு, அதைவிடத் தாழ்ந்த நாணயத்தை அனுப்புவோரும் உளர். வாங்குபவரின் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாணயத்தின் அருகில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டால் இந்த ஐயம் தீர்ந்துவிடும். நேர்மையான வணிகர் இதைக் குறையாகக் கொள்ளமாட்டார்.

ஒரு ரூபாயின் பாடம்

படத்தின் எல்லையை விளக்க 1939ஆம் ஆண்டின் ஒரு ரூபாயைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த இந்த வெள்ளி ரூபாய், நவீன இந்திய நாணயங்களுள் மிக அரியவற்றில் ஒன்று. இதன் விலை இலட்சங்களில் பேசப்படுகிறது. இதற்கு முந்தைய 1938ஆம் ஆண்டு ரூபாயோ எளிதில் கிடைப்பது. விலையும் இதில் ஒரு சிறு பங்கே.

இரண்டும் 11.66 கிராம் எடையுள்ளவை. இரண்டிலும் வெள்ளி ஏறத்தாழ 91.7 விழுக்காடு, உருவமும் ஒன்றே. வேறுபாடு ஆண்டெண்ணின் கடைசி இலக்கத்தில் மட்டுமே. ஆகவே 1938 என்பதன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவது மோசடிக்காரர்கள் கையாளும் வழிகளுள் ஒன்றாக உள்ளது. இவ்வாறு திருத்திய நாணயத்தைத் தராசில் வைத்தால் எடை சரியாக இருக்கும். காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் ஒட்டாது. வெள்ளியின் தரத்தைச் சோதித்தாலும் தேறிவிடும். ஏனெனில் கடைசி இலக்கத்தைத் தவிர ஏனைய அனைத்தும் உண்மையானவை.

இனி அடுத்த ஆண்டு நாணயங்களைப் பார்ப்போம். போர்க்காலத்தில் வெள்ளியைச் சேமிக்கும் பொருட்டு 1940 முதல் ரூபாயின் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை மாறவில்லை. அதே வேளையில், போலிகளைத் தடுக்க விளிம்பின் அமைப்பு மாற்றப்பட்டுப் 'பாதுகாப்பு விளிம்பு' கொண்டுவரப்பட்டது. 1938ஆம் ஆண்டு ரூபாயின் விளிம்பிலோ நேர்க்கோட்டு வரிகள் மட்டுமே இருந்தன. எனவே 1940களின் ரூபாய் ஒன்றில் ஆண்டெண்ணைத் திருத்தியிருந்தால் எடை காட்டிக்கொடுக்காது, விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஒருவர் முப்பது ஆண்டுகளாக ரூபாய் நாணயங்களை ஆண்டு வரிசையில் சேர்த்து வருகிறார். வரிசையில் காலியாக உள்ளது 1939க்குரிய குழி ஒன்றே. ஒருநாள் மாலை அவருடைய கைப்பேசிக்கு அந்த நாணயத்தின் படம் வருகிறது. விலை 2 இலட்சம் ரூபாய். இரவு பத்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேறு இருவர் காத்திருக்கின்றனர் என்கிறார் விற்பவர். படத்தில் முன்புறமும் பின்புறமும் உள்ளன, விளிம்பு இல்லை, ஆண்டெண்ணின் அண்மைப் படமும் இல்லை. முப்பது ஆண்டு ஆசையும் ஒரு மாலைப் பொழுதின் அவசரமும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. அந்த இடத்தில் அவரைக் காப்பாற்றக்கூடியது ஒரே கேள்வி: "நாணயத்தை நேரில் கண்டு, தகுதியுள்ளவரிடம் காட்டி, சரியில்லையெனில் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் தருவீர்கள்? அதை எழுத்தில் தருவீர்களா?"

வெளியிடப்படாத காசுகள், கிடைக்காத இலட்சங்கள்

அரிய நாணயத்தின் போலி ஒரு வகை. எக்காலத்திலும் வெளியிடப்படாத நாணயம் மற்றொரு வகை. இராமர், சீதை, இலக்குவன், அனுமன் உருவங்களுடன், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த 'அரை அணா' செப்புக் காசுகள் நாடெங்கும் விற்கப்படுகின்றன. இவை கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. பிற்காலத்தில் புனைந்து செய்யப்பட்டவை. சென்னையில் கம்பெனி வெளியிட்ட வராகன் பொற்காசுகளில் திருமாலின் உருவம் உண்மையாகவே இடம்பெற்றிருந்தது. அந்த உண்மை இந்தப் புனைவுக்கு ஓரளவு நம்பகத் தோற்றத்தைத் தருகிறது. இத்தகைய காசைப் பொறுத்தவரை படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. அப்படியொரு நாணயம் வெளியிடப்பட்டதா என்பதை நாணயப் பட்டியல் நூல்களில் சரிபார்ப்பதே வழி.

வாங்குவோரைப் போலவே விற்க விரும்புவோரும் ஏமாற்றப்படுகின்றனர். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் வைத்திருப்போருக்கு இலட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்னும் செய்திகள் அவ்வப்போது பரவுகின்றன. 'உங்கள் நாணயத்தின் படத்தை அனுப்புங்கள்' என்பது இதன் முதற்படி. படம் போனதும் வியப்பூட்டும் விலை சொல்லப்படும். பின்னர்ப் பதிவுக் கட்டணம், தரகு, வரி என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பர். இங்கு நாணயத்தை வாங்குபவர் என்று எவருமே இல்லை. கட்டணம் பெறுபவர் மட்டுமே இருக்கிறார்.

இத்தகையோர் சிலர் இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடப் பயன்படுத்துகின்றனர். இதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவ்வகைக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும், தன் சார்பில் அவற்றை வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியுள்ளது.

நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது?

விற்பவருக்குப் பொருளைப் பற்றி எல்லாம் தெரியும். வாங்குபவருக்குச் சிறிதளவே தெரியும். இந்த ஏற்றத்தாழ்வு சந்தையை என்ன செய்யும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். இத்துறை ஆய்வுகளுக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அவரும் ஒருவர். அவருடைய விளக்கத்தை நாணயங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நல்லது எது, போலி எது என்று அறிய இயலாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல நாணயத்தை விற்க நேர்மையான வணிகரால் இயலாது, அவர் விலகிக்கொள்வார். எஞ்சியிருப்பவை குறையுள்ளவையே. ஆக, ஒருவர் செய்யும் மோசடி அவரிடம் வாங்கியவரை மட்டுமன்றி, அத்துறையிலுள்ள நேர்மையானவர் அனைவரையும் தாக்குகிறது.

இதிலிருந்து மீளும் வழி, தெரியாததைப் பற்றிய இடரை, அதைத் தெரிந்தவரே ஏற்றுக்கொள்வது. அதாவது, 'நாணயம் உண்மையானது அல்ல என்றால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பணமும் திருப்பித் தரப்படும். படத்தில் கண்டதுபோல் இல்லை எனக் கருதினால் இத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்னும் எழுத்துப்பூர்வ உறுதி. போலியை விற்பவருக்கு இவ்வுறுதி பெரும் செலவாக முடியும். உண்மையை விற்பவருக்கு ஏறக்குறைய செலவே இல்லை. எனவே அந்த உறுதியைத் தயங்காமல் தருபவர் யார், பேச்சை மாற்றுபவர் யார் என்பதே படத்தைக் காட்டிலும் தெளிவாக உண்மையைச் சொல்லிவிடும்.

திருப்பித் தரும் காலத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது வாங்குபவரின் கடமை. நாணயம் கைக்கு வந்த அன்றே நிறுத்துப் பார்க்க வேண்டும். விளிம்பை உருப்பெருக்கியால் சுற்றிலும் பார்க்க வேண்டும். காந்தச் சோதனையைப் புரிந்து செய்ய வேண்டும்: வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் 1947இன் ரூபாய் நிக்கலால் ஆனது, அது ஒட்டுவதே சரி. எடையும் வெள்ளியும் ஒத்துப்போகின்றனவா என்று அறிய, நாணயத்தை நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுக்கும் பழைய முறையும் உண்டு. 91.7 விழுக்காடு வெள்ளி கொண்ட ரூபாயின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.3 கிராம். பாதி வெள்ளி கொண்டதன் அடர்த்தி தெளிவாகவே குறைந்திருக்கும்.

தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை ஆய்ந்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் குறித்து, பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்டுத் தருகின்றன. இதுவும் நம்பிக்கைக்கு ஒரு துணையே. ஆயினும் நாணயத்தைப் போலியாக்கத் தெரிந்தவருக்குப் பேழையைப் போலியாக்குவது அரிதன்று. பேழையில் உள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, அங்குப் படம் இருக்குமானால் அதனோடு கையிலுள்ள நாணயத்தின் ஒவ்வொரு தழும்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வணிகரின் பக்கம்

நம்பிக்கை ஒருவழிப் பாதையாக இருக்க இயலாது. நேர்மையான வணிகருக்கும் அச்சங்கள் உண்டு. அவர் அனுப்பிய நல்ல நாணயத்தை வைத்துக்கொண்டு, தம்மிடமிருந்த தேய்ந்த நாணயத்தைத் 'திருப்பி' அனுப்புவோர் உளர். பல நாள் வைத்திருந்து, வெள்ளி விலை இறங்கியதும் குறை கண்டுபிடிப்போர் உளர். வந்த நாணயத்தைத் தேய்த்து மெருகேற்றிவிட்டு வேண்டாம் என்போரும் உளர். தாராளமாகத் திருப்பி ஏற்றுக்கொண்ட வணிகர் சிலர் நாளடைவில் விதிகளை இறுக்கியதற்கு இத்தகைய வாடிக்கையாளர்களும் ஒரு காரணம்.

இங்கேதான் படத்தின் உண்மையான பயன் விளங்குகிறது. ஒரே அச்சில் பிறந்த நாணயங்களாயினும், புழங்கிய காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கேயுரிய தழும்புகளைப் பெற்றுவிடுகிறது. மன்னரின் கன்னத்தில் ஒரு சிறு வெட்டு, எழுத்தின் ஓரத்தில் ஒரு கறை, விளிம்பில் ஒரு நசுங்கல் ஆகியவை சேர்ந்து மனிதரின் கைரேகைபோல் ஒரு நாணயத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். தெளிவான படம் இருந்தால், அனுப்பிய நாணயமும் திரும்பி வந்த நாணயமும் ஒன்றே என்பதை இருவரும் மெய்ப்பிக்கலாம். விற்பனைக்கு முன் கவர்ச்சியாக இருந்த படம், விற்பனைக்குப் பின் இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிறது. தெளிவற்ற படத்தால் வாங்குபவருக்கு எவ்வளவு கேடோ அவ்வளவு கேடு வணிகருக்கும் உண்டு.

ஆகவே வாங்குபவரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். பொதியைப் பிரிக்கும்போது, முத்திரை உடையாத நிலையிலிருந்து நாணயம் வெளிவரும்வரை இடைவெளியின்றிக் காணொளி எடுத்து வைப்பது நல்லது. நாணயத்தை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். முடிவு செய்யும்வரை எந்தத் திரவத்திலும் அதை நனைக்கலாகாது. நீரில் நிறுத்துப் பார்க்க விரும்பினால் முதலில் வணிகரின் இசைவைப் பெற வேண்டும். ஏலத்தில் வாங்குவதாயின், நாணயத்தின் விலையோடு சேரும் வாங்குவோர் கட்டணம், வரி, திருப்பும் விதி ஆகியவற்றை விலை கேட்பதற்கு முன்பே படித்தறிய வேண்டும்.

பணம் செலுத்தும் முன்

நாணயத்தைப் பற்றிய எச்சரிக்கை எவ்வளவு தேவையோ அவ்வளவு பணத்தைப் பற்றிய எச்சரிக்கையும் தேவை. யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர், பற்றுச்சீட்டில் உள்ள வணிகரின் பெயரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 'நிறுவனக் கணக்கில் சிக்கல், உறவினர் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யு.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே உரியது. பணம் பெறுவதற்கு அதை உள்ளிடத் தேவையில்லை. உங்கள் நாணயத்தை வாங்குவதாகச் சொல்லி ஒருவர் க்யூஆர் குறியீடு அனுப்பி இரகசிய எண்ணை இடச் சொன்னால், போகப்போவது உங்கள் பணமே.

நீங்களே ஒப்புதல் அளித்து அனுப்பிய தொகையை, பிறர் உங்கள் கணக்கில் புகுந்து எடுத்த தொகைபோல் வங்கி கருத இயலாது. எனவே அனுப்புவதற்கு முன் எடுக்கும் எச்சரிக்கையே வலிமை மிக்கது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் உடனே தொடர்புகொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடுவதற்குள் தகவல் சேர்ந்தால்தான் அதை முடக்க வாய்ப்புண்டு.

மோசடி அன்று, வணிகத் தகராறு மட்டுமே என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிகர் எந்த ஊரில் இருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலுள்ள ஆணையத்திலேயே முறையிடலாம். மும்பையில் வாங்கிய நாணயத்துக்காக மதுரையில் வழக்குத் தொடுக்க இயலும் என்பது தொலைவிலிருந்து வாங்குவோருக்குப் பெரும் ஆறுதல். ஆனால் அதற்குக் கையில் சான்று வேண்டும்: பற்றுச்சீட்டு, படங்கள், திருப்புவது பற்றிய எழுத்துறுதி, பணம் செலுத்திய விவரம், உரையாடல் பதிவுகள்.

சட்டம் விதிக்கும் எல்லைகள்

நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படும். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு காலத்து நாணயங்கள் அனைத்தும் இவ்வெல்லைக்குள் வந்துவிட்டன. இவற்றை நாட்டுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. அயல்நாட்டில் வாழும் மகனுக்குப் பாட்டனார் சேர்த்த ரூபாயைப் பொதியில் அனுப்பி வைப்பதும், படம் பார்த்து ஆசைப்பட்ட வெளிநாட்டவருக்கு விற்று அனுப்புவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்வோருக்கு உரிமம் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

'வயலில் உழும்போது கிடைத்த புதையல்' என்னும் கதையோடு வரும் படங்களிடமிருந்து விலகியே இருக்க வேண்டும். மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கதை பொய்யானால் நாணயம் பெரும்பாலும் போலி. மெய்யானால் விற்பனை சட்டத்துக்கு மாறானது. இரண்டில் எதுவானாலும் வாங்குபவருக்கு நன்மையில்லை.

படமும் சீட்டும் உடனிருக்கட்டும்

புதிதாகத் தொடங்குவோருக்கு நாம் கூற விரும்புவது எளியது. முதலில் கண்ணைப் பழக்குங்கள். மும்பையில் ரிசர்வ் வங்கி நடத்தும் நாணய அருங்காட்சியகத்திலும், சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்திலும் உண்மையான நாணயங்களை நேரில் காணலாம். உண்மையைப் பலமுறை பார்த்த கண்ணுக்குப் போலி எளிதில் உறுத்தும். அடுத்து, புதிய வணிகரிடம் முதலில் இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகைக்கே வாங்குங்கள். அவர் படம் எடுத்த விதம், பொதி கட்டிய விதம், கேள்விக்குப் பதிலளித்த விதம், ஒரு குறையைச் சுட்டியபோது நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிறு தொகையில் நேர்மை காத்தவரிடம் மெல்ல மெல்லத் தொகையைக் கூட்டலாம். வங்கிகளும் புதிய வாடிக்கையாளருக்குக் கடன் வழங்கும்போது இதையே செய்கின்றன.

நிறைவாக ஒன்று. வாங்கிய ஒவ்வொரு நாணயத்தின் படத்தையும் பற்றுச்சீட்டையும் வணிகரின் உறுதிமொழியையும் ஒன்றாகக் கோத்து வையுங்கள். வங்கிப் பெட்டகத்தில் நாணயங்களை வைப்போர், உள்ளே இருப்பவை எவை என்பது வங்கிக்குத் தெரியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் உங்களிடம் மட்டுமே இருக்கும். அதன் ஒரு படியைப் பெட்டகத்துக்கு வெளியேயும் வைத்து, அது இருக்குமிடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

ஒருநாள் அந்தச் சேகரிப்பு நாணயங்களைப் பற்றி எதுவும் அறியாத மகளின் கைக்கோ பேரனின் கைக்கோ செல்லும். 'எல்லாம் சேர்த்து எடைக்கு எடை வெள்ளி விலை தருகிறேன்' என்று ஒருவர் அவர்களிடம் வந்து நிற்கக்கூடும். அப்போது எது 1938, எது 1939, எது எவ்விலைக்கு யாரிடம் வாங்கியது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லப் போவது நீங்கள் கோத்து வைத்த அந்தப் படங்களும் சீட்டுகளுமே.